1967 குவாட்டரில் மின்ட் மார்க் இல்லையா? அது பிழை நாணயம் இல்லை

நண்பரே, நீங்கள் வாங்க நினைக்கும் அந்த 1967 குவாட்டரை (அமெரிக்க 25 சென்ட் நாணயம்) வாங்காதீர்கள். மின்ட் மார்க் (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து) இல்லை, அதனால் அபூர்வமான பிழை நாணயம் என்று விற்பவர் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பது சுத்தமான ஏமாற்று. 1965, 66, 67 என்று ஆண்டு போட்ட எந்த அமெரிக்க நாணயத்திலும் அந்த எழுத்து கிடையாது. அப்போது அங்கே கடுமையான சில்லறைத் தட்டுப்பாடு, சேகரிப்பவர்கள் பதுக்குவதும் ஒரு காரணம் என்று அரசு நினைத்ததால், 1965 நாணயச் சட்டத்திலேயே மின்ட் மார்க் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். அதனால் பிலடெல்பியாவில் அடித்ததா டென்வரில் அடித்ததா என்று காசைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. 1968இல் எழுத்து திரும்ப வந்தது, அதுவும் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாறி, வாஷிங்டனின் தலைமுடி ரிப்பனுக்குப் பக்கத்தில்.

இன்னொன்று, 1980க்கு முந்தைய மற்ற ஆண்டுக் குவாட்டரில் எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் பிலடெல்பியா காசுதான், அப்போது அங்கே குவாட்டரில் 'பி' (P, பிலடெல்பியாவின் எழுத்து) போடும் வழக்கமே இல்லை. மற்ற காசுகளில் போர்க்கால நிக்கல் (5 சென்ட் காசு) ஒரு விதிவிலக்கு. 1942 முதல் 45 வரை 35% வெள்ளி கலந்து அடித்தவற்றில் பின்பக்கக் கட்டடத்துக்கு மேலே பெரிய 'பி' இருக்கும், பார்க்கவே அழகு!

உண்மையிலேயே எழுத்து விடுபட்ட காசு வேண்டுமென்றால் 'பி' இல்லாத 1982 டைமை (10 சென்ட் காசு) தேடுங்கள். வெள்ளிக்காகத்தான் குவாட்டர் என்றால் 1964 வரை உள்ளதை வாங்குங்கள், அப்புறம் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், செம்புக்கோடு தெரிந்தால் அது வெள்ளி இல்லை.