பட்ஜெட் குறைவாக இருக்கும்போது ஒரிஜினல் (கேமரா கம்பெனியே செய்யும்) லென்ஸ் வாங்குவதா, சிக்மா, டாம்ரான் வாங்குவதா?

கேனான் 200டி கேமரா பாடியும் அதனுடன் வந்த 18-55 எம்.எம். கிட் லென்ஸும் வைத்துக்கொண்டு உறவினர் வீட்டு விசேஷங்களை எடுத்து வருவதாகவும், அடுத்த லென்ஸைப் பற்றிக் கேட்டபோது மூத்த போட்டோகிராபர் ஒருவர் ‘சிக்மா, டாம்ரான் எல்லாம் டூப்ளிகேட்’ என்று சொல்லிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஈரோடு, பெருந்துறைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் அதே சொல்லை நானும் காது புளிக்கக் கேட்டிருப்பதால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லே தவறு. டாம்ரான் 1950-இலும் சிக்மா 1961-இலும் ஜப்பானில் தொடங்கப்பட்ட நிறுவனங்கள். சிக்மா தன் லென்ஸ்களை அந்நாட்டின் ஐசு பகுதியில் உள்ள சொந்த ஆலையில் செய்கிறது. ஒரே கண்ணாடி அமைப்பை வடிவமைத்துப் பல கம்பெனிகளின் மவுன்ட்டுகளுக்கும் (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்களுக்கும்) பொருத்தி விற்பதால் வடிவமைப்புச் செலவு பரவிவிடுகிறது என்பதே விலை குறைவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நான் கிட் லென்ஸை விட்டு விலகியது எங்கள் பக்கத்துக் கல்யாணச் சீர்களால்தான். சடங்குகளை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் நடத்தும் இணைச்சீர் என்ற சடங்கில் மாப்பிள்ளையோடு அவருடைய சகோதரி கூறைச்சேலையுடன் (மணப்பெண்ணுக்கான கல்யாணப் புடவையுடன்) நிற்கும்போது, சுற்றிலும் உறவினர்கள் நெருக்கியடித்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருப்பார்கள். பிளாஷ் அடித்தால் பட்டுச்சேலையின் ஜரிகை வெள்ளையாக எரிந்துவிடும். கிட் லென்ஸை 55-க்கு இழுத்தால் அப்பெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது) 5.6-க்குக் கீழே இறங்காது. ஐ.எஸ்.ஓ. எனும் ஒளி உணர்திறனை 3200 வைத்தும் ஷட்டர் 1/30 நொடியில் நின்றதால், சகோதரியின் கை அசைந்த ஒவ்வொரு படமும் கலங்கியது. 2.8 அப்பெர்ச்சர் என்றால் அதே இடத்தில் நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்; ஷட்டர் 1/125-க்கு ஏறும். ஜூம் முழுவதும் 2.8 தரும் கேனான் 17-55-இன் விலை அன்று என் கைக்கு எட்டாததாக இருந்தது. அதே 2.8 தரும் சிக்மா 17-50 எட்டியது, வாங்கினேன். அதில் எடுத்த சீர்ப் படங்களை ஆல்பத்தில் பார்த்த எந்த வீட்டாரும் லென்ஸின் பெயரைக் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாம் சக போட்டோகிராபர்களே.

இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் ஒரிஜினலுக்கு அர்த்தமே இல்லையா’ என்று சண்டைக்கு வர வேண்டாம். கேனான் தன் பழைய மவுன்ட்டின் மின் தொடர்பு முறையை வெளியாருக்குத் தராததால், அவர்கள் அதைத் தாங்களே ஆராய்ந்து கண்டுபிடித்துத்தான் லென்ஸ் செய்தார்கள். அதனால் சில பாடிகளில் ஃபோகஸ் சற்று முன்னோ பின்னோ விழுவதுண்டு. ஒரிஜினலிலும் விழும், ஆனால் வெளிக் கம்பெனி லென்ஸில் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டும். உங்கள் 200டி-யில் அதைச் சரிசெய்யும் மெனுவும் கிடையாது. எனவே உங்கள் பாடியையே கடைக்கு எடுத்துச் சென்று, ஒரு செய்தித்தாளை மேசையில் விரித்து, சாய்வாக நின்று நடு வரியில் ஃபோகஸ் வைத்து, 2.8-இல் வியூஃபைண்டர் வழியாக ஒரு படமும் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) ஒரு படமும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். லைவ் வியூவில் நடு வரி கூர்மையாகவும், வியூஃபைண்டரில் அதற்கு மேலோ கீழோ உள்ள வரி கூர்மையாகவும் வந்தால், அந்த லென்ஸை வாங்காமல் வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சர்வீஸ் என்று பயமுறுத்துவார்கள். பில் இல்லாமல் ‘கடை வாரண்டி’ என்று ஒரு சீட்டைக் கொடுத்து விற்கும் பழக்கம்தான் உண்மையான ஆபத்து. அது ஒரிஜினலுக்கும் பொருந்தும். என் நண்பர் ஒருவர் கோவையில் ஒரு கடையில் அப்படி வாங்கிய ஒரிஜினல் லென்ஸின் மோட்டார் நின்றபோது, கடைக்காரர் அந்தச் சீட்டைத் தன் சீட்டே இல்லை என்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லென்ஸ் கம்பெனியின் அதிகாரபூர்வ முகவர் தரும் வாரண்டி அட்டையையும் ஜி.எஸ்.டி. பில்லையும் கேட்டு வாங்குங்கள். மறுவிற்பனையில் ஒரிஜினலுக்கு விலை கூடுதல் என்பதை மட்டும் மறுக்க மாட்டேன்.

50 எம்.எம். வேண்டுமென்றால் வெளியே தேடவே வேண்டாம். கேனான் 2015-இல் கொண்டுவந்த 1.8 எஸ்.டி.எம். லென்ஸ் விலையும் குறைவு, ஃபோகஸும் நம்பகமானது. என் பையிலும் அது இருக்கிறது. ஆகவே எனக்கு யாரும் கமிஷன் கொடுக்கவில்லை என்று நம்பலாம். பிற்பாடு கேனானின் புதிய மவுன்ட்டான ஆர்.எஃப். கொண்ட மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவுக்கு மாறும் எண்ணம் இருந்தால், சிக்மா 17-50, கேனான் 50 ஆகிய இந்த இரண்டு லென்ஸ்களையும் கேனானின் அடாப்டர் வழியாக மாட்டலாம். ஆனால் சிக்மாவை வாங்கும் முன், ஒரு நாள் வாடகைக்கு எடுத்த ஆர்.எஃப். பாடியில் மாட்டி அதே செய்தித்தாள் சோதனையைச் செய்துவிடுங்கள்.