நம்பிக்கை சரி, ‘உறுதியாகத் தெரியும்’ என்பது சரியா?

கேள்வி: “உலகத்துக்குப் பின்னால் ஓர் உயர் அறிவு இருப்பது தனக்கு உறுதியாகத் தெரியும் என்கிறார் நண்பர். இப்படிச் சொல்வது நியாயமா?”

நம்புவது நியாயம்தான். எனக்கும் கடவுள் நம்பிக்கை உண்டு. ஆனால் ‘உறுதியாகத் தெரியும்’ என்பதை என்னால் ஏற்க முடியாது.

8ஆம் நூற்றாண்டு பௌத்த அறிஞர் தர்மோத்தரர் ஓர் உதாரணம் சொல்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை. வாசனைக்குப் பூச்சிகள் திரண்டு வந்து மேலே மொய்க்கின்றன. தூரத்தில் நிற்பவர் அந்தக் கருங்கூட்டத்தைப் புகை என்று நினைத்து, “அங்கே நெருப்பு எரிகிறது” என்கிறார். நெருப்பு இருப்பது உண்மை. அதற்காக அவருக்கு அது தெரியும் என்று சொல்லிவிட முடியுமா? பூச்சியைப் பார்த்துச் சொன்னது பலித்துவிட்டது, அவ்வளவுதான். 1963இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றில் கிளப்பியதும் இதே சிக்கலைத்தான். ஆக, கடவுள் இருந்தாலும்கூட, ‘வேண்டினேன், நடந்தது’ என்பதை மட்டும் வைத்து எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது.

சரி, வலுவான வாதத்துக்கு வருவோம். குடம் இருந்தால் குயவர் இருந்தாக வேண்டும். உலகமும் ஆக்கப்பட்ட பொருள், ஆகவே ஆக்கியவன் ஒருவன் உண்டு. ‘நியாயம்’ என்ற இந்தியத் தர்க்க மரபினரும் நம் சைவ சித்தாந்திகளும் வழிவழியாகச் சொல்லி வந்தது இது. எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் தர்மோத்தரருக்கும் முன்பே இன்னொரு பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இதை மடக்கிவிட்டார்: கரையான் புற்றும் மண்ணால் ஆனதுதானே, அதையும் குயவரா வனைந்தார்? குயவர் குடம் வனைவதைக் கண்டிருக்கிறோம், அதனால் குடத்தைப் பார்த்ததும் குயவரைச் சொல்கிறோம். மலை உண்டாக்கப்படுவதை யார் கண்டது? 1859இல் டார்வின் தன் நூலில், கண் போன்ற நுட்பமான உறுப்பும் வடிவமைப்பவர் இல்லாமல் படிப்படியாக உருவாக முடியும் என்று காட்டிய பிறகு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது.

இயற்கை விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. அதற்கு ஓர் உயர் அறிவைப் பதிலாகச் சொல்வது நல்ல ஊகம். என் நம்பிக்கை நிற்பது அங்கேதான். ஊகம் என்றே அதைச் சொல்வேன்.

உங்கள் நண்பரிடம் எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். சொந்த அனுபவம் என்றால் அது அவருக்குச் சான்றாகலாம், உங்களைக் கட்டுப்படுத்தாது. வாதம் என்றால், கரையான் புற்றுக்கு என்ன பதில் என்று கேளுங்கள்.