பழைய டி90: ஷட்டரை மாற்றுவதா, கேமராவையே மாற்றுவதா?

கேள்வி: 2009-இல் வாங்கிய நிக்கான் டி90 கேமரா வைத்திருக்கிறேன். அதனுடன் வந்த 18-105 லென்ஸும், பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸும் இருக்கின்றன. சில வாரங்களாக நடுநடுவே ‘எர்’ என்று மின்னி, படம் எடுக்காமல் நின்றுவிடுகிறது. கைப்பிடி ரப்பர் உப்பிக் கழன்றுவிட்டது. தேதியும் நேரமும் நிற்பதில்லை. பழுது பார்ப்பவர் கேமராவைத் திறக்காமலேயே ஷட்டர் (படம் எடுக்கும்போது திறந்து மூடி ஒளியை உள்ளே விடும் திரை) போய்விட்டது என்கிறார். என் மகன் புதிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகைக் கேமரா) வாங்கச் சொல்கிறான். நான் எடுப்பதெல்லாம் தோட்டத்துப் பூக்களையும் பேரக்குழந்தைகளையும்தான். என்ன செய்யலாம்?

பதில்: ரப்பரையும் கடிகாரத்தையும் முதலில் கணக்கிலிருந்து தள்ளிவிடுங்கள். ரப்பர் தனியாகக் கிடைக்கும், ஒட்டிக்கொள்ளலாம். கடிகாரத்துக்கென்று உள்ளே ஒரு சிறிய செல் இருக்கிறது. அது பெரிய பேட்டரியிடமிருந்துதான் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. முழுதும் சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் அப்படியே வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் நேரம் நிற்கவில்லை என்றால், செல்லுக்கு வயதாகிவிட்டது. படம் எடுப்பதற்கு அதனால் ஒரு தடையும் இல்லை.

இனி ‘எர்’. திறந்து பார்க்காமல் ஷட்டர் போய்விட்டது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ‘எர்’ என்பது கேமராவுக்குள் ஏதோ ஓர் அசைவு முடியவில்லை என்பதற்கான அறிகுறி, அவ்வளவுதான். லென்ஸின் பின்புறமும் கேமராவின் வாயிலும் உள்ள உலோகப் புள்ளிகளை உலர்ந்த, மென்மையான துணியால் துடைத்துவிட்டு, இரண்டு லென்ஸ்களையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுங்கள். ஒரு லென்ஸில் மட்டும் ‘எர்’ வந்தால், அந்த லென்ஸுக்குள் திறந்து மூடும் அப்பர்ச்சர் தகடுகளைச் சந்தேகியுங்கள். கேமரா நன்றாகவே இருக்கிறது என்று பொருள். இரண்டிலும் வந்தால், லென்ஸைக் கழற்றிவிட்டு ‘எம்’ (எல்லாவற்றையும் நாமே அமைக்கும்) நிலையில் வைத்து, தூசி விழாதபடி கேமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, படம் எடுக்கும் பொத்தானை அழுத்துங்கள். அப்போதும் நின்றால்தான் கோளாறு கேமராவின் உடலுக்குள் இருக்கிறது.

அதன் பிறகு, ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று பாருங்கள். நிக்கான் கேமராக்கள் அந்த எண்ணை ஒவ்வொரு படத்தோடும் பதிந்து வைக்கின்றன. கார்டிலிருந்து நேரடியாக எடுத்த, திருத்தாத படம் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்த விவரம் தங்காது. டி90-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறை இயக்கிச் சோதிக்கப்பட்டது. உங்கள் எண் அதை நெருங்கியிருந்தால் பழுது பார்ப்பவர் சொன்னதை நம்பலாம். இருபது, முப்பது ஆயிரத்தில் நின்றால், கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷட்டர்தான் என்று உறுதியானால், அதை மாற்ற வேண்டாம் என்பதே என் முடிவு. டி90 வெளிவந்தது 2008-இல். இன்று அதற்குக் கிடைக்கும் ஷட்டர் பெரும்பாலும் இன்னொரு பழைய கேமராவிலிருந்து கழற்றியதாக இருக்கும். அது எத்தனை ஆயிரம் முறை ஓடியதோ! அதைப் பொருத்தக் கேமராவை ஏறக்குறைய முழுதும் பிரிக்க வேண்டும். அந்தக் கூலிக்கு, குறைவாக ஓடிய ஒரு டி90 உடலே பல வேளைகளில் கிடைத்துவிடும்.

மகனின் யோசனைக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. மாலை வெளிச்சத்தில் வீட்டுக்குள் ஓடும் குழந்தையின் கண்ணைத் தேடிப் பிடிப்பதில் இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் மிகவும் கெட்டிக்காரத்தனமானவை. டி90-இல் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200-ஐத் தொட்டாலே படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஆனால் உங்கள் 50 மி.மீ. லென்ஸை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதற்குள் மோட்டார் கிடையாது. டி90-இன் உடலில் உள்ள மோட்டார்தான் ஒரு சிறிய திருகு வழியாக அதைச் சுழற்றி ஃபோகஸ் செய்கிறது. நிக்கானின் மிரர்லெஸ் வரிசையான இசட் வகைக் கேமராவில், பழைய லென்ஸ்களைப் பொருத்த உதவும் எஃப்.டி.இசட். அடாப்டர் வைத்து மாட்டினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடும் குழந்தையை அப்படிப் பிடிப்பது பெரும்பாடு. 18-105 லென்ஸில் சொந்த மோட்டார் இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே, பழைய டி7200 அல்லது டி7500 உடல் ஒன்றைத் தேடுங்கள். இரண்டிலும் அந்த மோட்டார் இருக்கிறது. உங்கள் லென்ஸ்கள் இரண்டும் முன்போலவே வேலை செய்யும். டி3000, டி5000 வரிசைகளில் அது இல்லை, மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். டி90-இன் பேட்டரி புதிய உடலுக்குள் போகாது என்பதால் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூக்கள் மட்டுமே போதும் என்றால் இதுவும் தேவையில்லை, குறைவாக ஓடிய இன்னொரு டி90 உடலே போதும். அதன் 12.3 மெகாபிக்சலில் 14 அங்குல அகலத்துக்கு அருமையாக அச்சிடலாம். பேரக்குழந்தைகளுக்காகத்தான் மாற்றச் சொல்கிறேன்.

கேள்வி: என் சிறிய கேமராவுக்குள் மணல் புகுந்து, லென்ஸ் பாதி நீண்ட நிலையில் சிக்கிக்கொண்டது. நானே திறக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டர், பேட்டரியை எடுத்த பிறகும் சுமார் 300 வோல்ட் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். லென்ஸைக் கையால் அமுக்கவும் வேண்டாம், பல்சக்கரம் உடைந்துவிடும். கேமராவை அணைத்து, லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, கையால் அமுக்கும் காற்றுக் குமிழால் இடுக்குகளில் ஊதிப் பாருங்கள். அதிலும் அசையவில்லை என்றால் வேறு கேமரா பார்ப்பதே நல்லது. இவ்வகைக் கேமராக்களில் லென்ஸ் தொகுதியை முழுதாகத்தான் மாற்றுவார்கள், செலவு கட்டாது. எதற்கும் முன்னால் மெமரி கார்டை எடுத்து, படங்களைக் கணினியில் சேமித்துவிடுங்கள்.