மாட்ரிட்டில் தெருவில் பேசும் ஸ்பானிஷில் எதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்?

கேட்டவர் பாடப்புத்தக ஸ்பானிஷ் ஓரளவு தெரிந்தவர், வேலைக்காக மாட்ரிட் போகிறவர். நானும் அப்படிப் போனவன்தான் என்பதால் சொல்கிறேன்.

முதலில், ஸ்பானிஷ் பேசும் 20 நாடுகளின் கொச்சையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இணையப் பட்டியல்களில் நண்பனைக் கூப்பிடும் மெக்ஸிகோவின் 'குவெய்', அர்ஜென்டினாவின் 'போலூதோ' எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். மாட்ரிட்டில் நண்பனை 'தியோ' என்பார்கள், பெண்ணென்றால் 'தியா'. அகராதிப்படி மாமா, அத்தை. மச்சி, மாப்ள என்று உறவே இல்லாதவனைக் கூப்பிடும் நமக்கு இது விளக்கம் தேவைப்படாத விஷயம். மேலதிகாரியிடம் மட்டும் வேண்டாம்.

காதுக்கு முதலில் பழக வேண்டியவை 'வாலே', 'வெங்கா'. வாலே என்றால் சரி, அவ்வளவுதான். வெங்காதான் ஆளை அலைக்கழிக்கும். நேர்ப்பொருள் 'வரட்டும்'. கிளம்பச் சொல்லி அவசரப்படுத்த வெங்கா, உற்சாகப்படுத்த வெங்கா, நம்ப முடியாததைக் கேட்டால் 'அட போப்பா' என்பதற்கு 'வெங்கா யா'. போனை வைக்கும்போது கேளுங்கள்: "வெங்கா, வாலே, வெங்கா, ஆஸ்தா லுவேகோ, சாவ்." கடைசி இரண்டும் 'அப்புறம் பார்க்கலாம், பை'. இத்தனையும் சொன்ன பிறகுதான் இணைப்பைத் துண்டிப்பார்கள்.

பாரில் புத்தகத்து 'கிசியேரா' (எனக்கு வேண்டியிருந்தது என்பதுபோல) போட்டுப் பணிவாகக் கேட்டால் யாரும் சிரிக்கப் போவதில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவர் "மே போனெஸ் உனா கான்யா?" என்பார். சின்ன கிளாஸில் ஒரு பியர் ஊத்துறியா என்று, முன்பின் தெரியாத பரிமாறுபவரிடம் நேராக ஒருமையில். அங்கே அது மரியாதைக் குறைவே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்பெயினின் ரோமா (ஜிப்ஸி) மக்களிடமிருந்து வந்த சொற்கள். அவர்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து போனவர்கள், 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினை எட்டியவர்கள். அவர்களுடைய பேச்சுக்குப் பெயர் காலோ. பையனுக்குச் 'சவால்', வேலை பார்ப்பதற்குக் 'குர்ரார்', இரண்டும் அங்கிருந்து வந்தவை. இனிக்கப் பேசி மயக்குவதற்குக் 'கமெலார்' என்பார்கள். வேரைத் தோண்டினால் நம் ஊரில் காமம் என்று வழங்கும் அதே சமஸ்கிருதச் சொல். திருடனை 'சொரீசோ' என்பார்கள். அது பன்றிக்கறித் தொத்திறைச்சியின் பெயரும்கூட, ஆனால் திருடன் என்ற பொருள் காலோவின் 'சோரி'யிலிருந்து வந்தது. நம் சோரனுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். 2011 மே மாதம் மாட்ரிட்டின் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்தில் கூடிய போராட்டக்காரர்கள் இதை வைத்தே "இத்தனை சொரீசோவுக்கு ரொட்டி போதாது" என்று முழக்கம் போட்டார்கள். ஊழல் அரசியல்வாதிகளுக்கு இதைவிட நறுக்கென்று சொல்ல முடியுமா!

கெட்ட வார்த்தைகள்? ஸ்பெயின்காரர்கள் தாராளமாகப் புழங்குவார்கள். 'ஓஸ்தியா' என்பது தேவாலயத்தில் தரும் நற்கருணை அப்பம். காலை இடித்துக்கொண்டாலும் அதுதான் வாயில் வரும். புரிந்துகொள்ளுங்கள், சொல்லத் துடிக்காதீர்கள். இன்னொன்று: பஸ் பிடிக்க மாட்ரிட்டில் 'கொஹெர்' என்பது சாதாரணச் சொல். மெக்ஸிகோவிலோ அர்ஜென்டினாவிலோ அது பச்சைக் கெட்ட வார்த்தை, அங்கே 'தோமார்' போட்டுக்கொள்ளுங்கள்.

சந்தேகம் வந்தால் ராயல் ஸ்பானிஷ் அகாடமியின் அகராதி இணையத்தில் இலவசம். சொல்லுக்குப் பக்கத்தில் எந்த நாட்டு வழக்கு என்று போட்டிருக்கும். 'கொலோக்' என்ற குறி இருந்தால் பேச்சுவழக்கு, நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம். 'மால்சோன்' என்றிருந்தால் கெட்ட வார்த்தை, ஆபீஸில் வாயைத் திறக்காதீர்கள்.