பன்றிப் பாதை

அன்புள்ள ஐயா,

கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி மலைக்கிராமம் வழியாகக் கொடைக்கானலுக்குத் தனியாக ஏறியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். எனக்கு 26 வயது. தினமும் எட்டு கிலோமீட்டர் ஓடுகிறேன். அதே பாதையில் தனியாக ஏற ஆசை. வீட்டில் பைத்தியமா என்கிறார்கள். நீங்கள் போன தடத்தின் ஜிபிஎஸ் பதிவு இருந்தால் அனுப்புவீர்களா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

பதிவு இருக்கிறது. அனுப்பமாட்டேன். அதில் முக்கால் மணி நேரம் பன்றிப் பாதை.

உங்கள் கால் தாங்கும். கும்பக்கரைக்குப் பக்கத்திலிருக்கும் பெரியகுளம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, கொடைக்கானல் 2,100ஐத் தாண்டும். ஏறி முடித்தால் இரண்டு நாளைக்குப் படி இறங்கும்போது தொடை வலிக்கும், அவ்வளவுதான். 1845இல் அங்கே முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மிஷனரிகளும் இந்த மலைச்சரிவில்தான் ஏறினார்கள். மோட்டார் சாலை வந்தது முதல் உலகப்போர் சமயத்தில். அதுவரை துரைமார்களை டோலியில் தூக்கிப்போனவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்கள் முன்னால் உங்கள் எட்டு கிலோமீட்டரும் என் முதுகுப்பையும் எம்மாத்திரம்!

சிக்கல் வெள்ளகெவிக்குக் கீழே. அங்கே பாதை பிரிந்துகொண்டே இருக்கும். ஒரு கவட்டில் நான் இடப்பக்கம் திரும்பினேன். மண் நன்றாக மிதிபட்டிருந்தது. ஆனால் உண்ணிச்செடி முகத்தில் அறைந்தது. குனிந்தேன், அப்புறம் இன்னும் குனிந்தேன், கடைசியில் தவழாத குறை. திரும்பியிருக்க வேண்டும். ஏறிய ஏற்றத்தை இறங்கித் தொலைக்க மனசு வரவில்லை. கூட ஒருவர் இருந்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் 'போதும், திரும்புவோம்' என்றிருப்பார். தனியாகப் போகிறவன் தன் பிடிவாதத்தோடு மட்டும்தான் ஆலோசிக்க முடியும்.

தண்ணீர் அரை பாட்டில் இருந்தபோது மேலே குதிரையின் மணிச் சத்தம் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மூட்டைகளோடு இறங்கிக்கொண்டிருந்தவர் என் கீறல்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது பன்னி போற தடம் தம்பி. ஆளு போற பாதையில முள்ளு முகத்துலயா அடிக்கும்?"

அன்றைக்கு நான் கற்றது அதுதான். மிருகம் தன் உயரத்துக்குத்தான் செடியை விலக்கும். தரையைப் பார்த்து நடந்தவன் தலைக்கு மேலே பார்க்கவில்லை. குதிரைச் சாணம், லாடம் பட்டு வழுவழுத்த கல், ஷாம்பு பாக்கெட் இதெல்லாம் கண்ணில் பட்டால் சரியான வழி. (காட்டில் பிளாஸ்டிக்கைப் பார்த்து நான் சந்தோஷப்பட்ட ஒரே நாள்.)

நான் போனது 2018க்கு முன்னால். அந்த வருடம் மார்ச் 11ஆம் தேதி குரங்கணியில் தீ பரவி, மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். அதன்பின் விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வெள்ளகெவிக்காரர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். அவரை நாலடி முன்னால் விட்டு நடந்தால் தனிமைக்கு ஒன்றும் குறை வராது, அவர்களும் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை.

வெள்ளகெவி ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே யாரும் போடுவதில்லை. ஏறிவந்த கொப்புளத்தோடு அந்தக் கல்பாதையில் வெறுங்காலில் நடந்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.