பட்டன் தேய்ந்துவிட்டது, அடுத்து எந்த டயர்? எஸ்.யூ.வி. கேள்வி-பதில்

"எந்த பிராண்டு நல்லது?" என்று மட்டும் எழுதிக் கேட்டவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பிராண்டு கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அளவு, சுமைக் குறியீடு, ஈரச் சாலையில் நிற்கும் திறன் ஆகிய மூன்றும் சரியாக அமைந்த நான்கைந்து டயர்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டால், அவற்றில் எதை வாங்கினாலும் மோசம் போகமாட்டீர்கள். மற்ற கேள்விகளுக்கு வருவோம்.

என் வண்டியில் 235/65 ஆர்17 108வி எக்ஸ்.எல். டயர் இருக்கிறது. கடையில் அதே 235/65 ஆர்17 அளவில், ஆனால் 104ஹெச் என்று முடியும் டயரைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். அளவு ஒன்றுதானே, வாங்கலாமா?

வேண்டாம். 235 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 என்பது ரிம்மின் அங்குல அளவு. பெரும்பாலோர் இதுவரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். எஸ்.யூ.வி.க்கு அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். 108 என்பது சுமைக் குறியீடு, அந்த ஒரு டயர் 1000 கிலோ தாங்கும் என்று பொருள். எக்ஸ்.எல். என்பது கூடுதல் சுமைக்காகக் கட்டிய டயர் என்பதற்கான அடையாளம். 104 என்றால் 900 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து 400 கிலோ குறைகிறது.

ஒருவர் மட்டும் ஓட்டிக்கொண்டு அலுவலகம் போகும்போது இந்த வித்தியாசம் தெரியாது. மூன்று வரிசை இருக்கையும் நிரம்பி, பின்னால் பெட்டிகளும் கூரையில் கேரியருமாக நெடுஞ்சாலையில் போகும் நாளில்தான் தெரியும். அப்போது கூடுதல் எடையில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் விழுகிறது. டயர் வாங்க வேண்டியது அந்த நாளுக்காக.

கடைசி எழுத்து வேகக் குறியீடு. ஹெச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240. "நான் 120-ஐத் தாண்டுவதே இல்லையே" என்பீர்கள். வேகமாக ஓட்டுவதற்கு மட்டும் அது அனுமதி அல்ல, டயர் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் அது சொல்கிறது. சுமை, வேகம் இரண்டிலும் வண்டித் தயாரிப்பாளர் சொன்னதற்குச் சமமாக அல்லது மேலாகப் போகலாம், கீழே இறங்கக் கூடாது. அந்தக் கணக்கைப் பழைய டயரைப் பார்த்துப் போடாதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையையும் கையேட்டையும் பாருங்கள். பழைய டயரையே உங்களுக்கு முன்பு வைத்திருந்தவர் தவறாக மாட்டியிருக்கலாம்.

முன்சக்கரங்கள் இரண்டு மட்டும்தான் தேய்ந்திருக்கின்றன. இரண்டு மட்டும் மாற்றினால் போதாதா?

முன்சக்கர டிரைவ் வண்டி என்றால் போதும். ஆனால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள், பின்னால் இருப்பவற்றை முன்னால் கொண்டுவாருங்கள். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. திருப்புவதும் முன்சக்கரம், பிரேக்கில் அதிகம் உழைப்பதும் முன்சக்கரம், நல்ல டயர் அங்கேதானே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

மழையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வளைவில் முன்சக்கரம் பிடியை இழந்தால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் இழந்தால் வண்டியின் வால் சுழன்றுவிடும். உயரமான, கனமான வண்டியை அந்த நிலையிலிருந்து மீட்பது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம்.

நான்கு சக்கர டிரைவ் என்றால் பதில் வேறு. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, ஆகவே அது அதிகம் சுழல வேண்டும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் இரண்டு அச்சையும் இணைக்கும் கப்ளிங் என்ற பாகம் ஓயாமல் வேலை செய்து சூடாகும். எவ்வளவு வித்தியாசம் தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் வரிப்பள்ளங்கள்) ஆழத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு வந்துவிட்டால் நான் நான்கையும் மாற்றச் சொல்வேன். அந்தப் பாகத்தைப் பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டு டயரின் விலை பெரிதல்ல.

ஒரு டயருக்கு 80,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். இன்னொன்றுக்கு 60,000 மட்டும், ஆனால் ஈரப்பிடிப்பில் மேல் தரம். எதை எடுப்பது?

ஆண்டுக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்று எழுதவில்லையே. 12,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். 80,000-ஐ எட்ட ஆறரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ரப்பர் இறுகத் தொடங்கியிருக்கும், பட்டன் மிச்சமிருக்கும்போதே டயரைக் கழற்ற வேண்டி வரலாம். பயன்படுத்தாத கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தது போல் ஆகிவிடும். உங்கள் ஓட்டமும் இதை ஒட்டியதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஈரப்பிடிப்பை எடுங்கள். ஆண்டுக்கு 30,000 ஓட்டுபவர் என்றால் கொஞ்சம் யோசிக்கலாம்.

பக்கச்சுவரில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருந்தால், பட்டன் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதை 100 என்ற ஒப்பீட்டு டயரோடு வைத்துத் தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்ளும் எண் அது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். ஒருவரின் 600-ஐ மற்றவரின் 500-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அதன் அருகிலேயே இருக்கும் ஏஏ, ஏ, பி, சி என்ற பிடிப்புத் தரம், நேர்கோட்டில் ஈரத்தில் பிரேக் பிடிப்பதை மட்டும் அளக்கிறது. வளைவிலோ தேங்கிய நீரிலோ எப்படி நடந்துகொள்ளும் என்பது அதில் இல்லை. ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் என்றால் ஈரப்பிடிப்பு ஏ முதல் இ வரை தரப்படுத்தப்பட்டிருக்கும். சி-க்குக் கீழே நான் குடும்ப வண்டிக்குப் பரிந்துரைப்பதில்லை.

ஆல்-சீசன் என்றால் பனியிலும் ஓடும் என்றுதானே பொருள்?

பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1977-ல் குட்இயர் 'டியம்போ' டயரைக் கொண்டுவந்த காலத்திலிருந்து ஆண்டு முழுக்க ஒரே டயர் என்ற எண்ணம் மக்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் இது எல்லாவற்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் செய்யும் சமரசம்.

'எம்+எஸ்' என்ற எழுத்துகள் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் அமைப்பு என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. அதற்குப் பனியில் சோதனை எதுவும் கட்டாயமில்லை. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனிச்செதில் பொறித்த சின்னம் இருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறிய டயர். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து குளிர்காலச் சாலை விதிக்கு இந்தச் சின்னம் மட்டுமே செல்லும், எம்+எஸ் மட்டும் இருந்தால் செல்லாது.

எப்போதாவது பனி பெய்யும் இடத்துக்கு மலைச் சின்னம் கொண்ட ஆல்-சீசன் போதும். மாதக்கணக்கில் பனி உறைந்து கிடக்கும் என்றால் தனிக் குளிர்கால டயரே வேண்டும். மாறாக, வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகவே போகாத இடத்தில் இருப்பவர் கோடைக்கால டயரையே வாங்கலாம், சூடான சாலையில் அதுதான் சீக்கிரம் நிற்கும். "எனக்கு நான்கு சக்கர டிரைவ் இருக்கிறது" என்று சொல்பவர்கள் கவனிக்க: அது வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்துவது டயர்தான்.

புது டயர் போட்டதிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி கணக்கு. 235/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 737 மில்லிமீட்டர். புதிதில் 8 மில்லிமீட்டர் இருந்த பட்டன் தேய்ந்து 2-க்கு வந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் குறையும், அதாவது ஏறக்குறைய 1.6 சதவீதம். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதை வைத்துத்தான் மீட்டர் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆக, தேய்ந்த டயரில் வண்டி 98 கிலோமீட்டர் சொச்சம் ஓடியதை மீட்டர் 100 என்று காட்டிக்கொண்டிருந்தது. பழைய மைலேஜில் கொஞ்சம் பொய் கலந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி உண்மையான குறைவு. தடித்த பட்டன் அதிகம் நெளியும், உருளும்போது கூடுதல் ஆற்றலைத் தின்னும். தேயத் தேய இது குறையும். மேலும், வண்டியோடு வந்த டயரை எரிபொருள் சிக்கனத்தை மனத்தில் வைத்தே தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்திருப்பார்கள், கடையில் வாங்குவது அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை. எதற்கும் காற்றைச் சரிபாருங்கள்.

டயரில் அதிகபட்சக் காற்றழுத்தம் 51 பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கிறது. கதவு அட்டையில் 35. எதைப் பின்பற்றுவது?

அட்டையை. டயரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல. நிறைய பேரையும் சாமான்களையும் ஏற்றும்போது எவ்வளவு என்று அட்டையிலோ கையேட்டிலோ தனியாகப் போட்டிருந்தால் அதையும் பின்பற்றுங்கள். ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

எஸ்.யூ.வி.யில் காற்று குறைந்தால் என்ன ஆகும் என்ற விவாதம் 2000-ல் உலகமெங்கும் நடந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடிக்கொண்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பட்டை கழன்று வண்டிகள் கவிழ்ந்தன, சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரில் குறை என்று ஒரு தரப்பும், 26 பி.எஸ்.ஐ. என்ற பரிந்துரை மிகக் குறைவு என்று மறுதரப்பும் சண்டையிட்டுக்கொண்டன. அதன் பிறகு வந்த சட்டத்தின் வழியாகத்தான் அங்கே டேஷ்போர்டில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு கட்டாயமானது. அந்த விதிப்படி அழுத்தம் 25 சதவீதம் குறையும்போது விளக்கு எரிந்தால் போதும், ஆகவே விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரி என்று ஆகிவிடாது.

பட்டன் நன்றாக இருக்கிறது, ஆனால் டயருக்கு வயதாகிவிட்டது என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3119 என்றால் 2019-ன் 31-வது வாரம். சில நேரம் முழு எண்ணும் உட்புறச் சுவரில்தான் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் காட்டிச் சரிபாருங்கள், பத்தைத் தாண்டிய டயர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பெரிய ரிம் போட ஆசை. 17-லிருந்து 19-க்குப் போகலாமா?

உங்கள் மாடலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு என்றால் போகலாம். 235/55 ஆர்19 டயரின் விட்டம் 741 மில்லிமீட்டர், பழையதற்கு மிக அருகில் இருப்பதால் மீட்டர் பெரிதாகத் தவறாது. ஆனால் பக்கச்சுவர் 153 மில்லிமீட்டரிலிருந்து 129-க்கு இறங்கிவிடும். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பது அந்தச் சுவர்தான். குழந்தைகள் பின் இருக்கையில் தூங்கும் வண்டி என்றால் நான் 17-லேயே இருந்துவிடுவேன்.

ஓராண்டிலேயே டயர் 'ஊம்' என்று இரைகிறது. மட்டமான டயரா?

டயரைக் குற்றம் சொல்லும் முன் பட்டன் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே, வெளிப்பக்கமிருந்து உட்பக்கம் தடவுங்கள், பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலவும் உறுத்தினால் சக்கரங்களின் நேர்க்கோணம் தவறியிருக்கிறது, அலைன்மென்ட் பாருங்கள். மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் மீது சந்தேகப்படலாம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அடுத்த ஆண்டு இரையும். 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள்.

கடையை விட்டுக் கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

நான்கு டயரின் தயாரிப்பு வாரத்தையும் படியுங்கள். சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழல்கிறதா, 'அவுட்சைடு' என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். அவசரத்தில் ஒரு சக்கரத்தை மாற்றிப் பூட்டிவிடுவது நடக்கிற விஷயம்தான். ரப்பர் வால்வுகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் பிரேக்கையும் வளைவையும் நிதானமாகக் கையாளுங்கள், புதுப் பட்டனின் வழுக்கல் அதற்குள் போய்விடும். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சு (குறித்த அளவு இறுக்கத்தில் முடுக்கும் கருவி) வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.