ஆக்ஸிமீட்டரில் 38... ஈசிஜியில் 76!

கேள்வி: டாக்டர் சார், எனக்கு வயது 61. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கும்பகோணம். பிபி உண்டு, சர்க்கரை இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோய் என்று சொல்லி, ஐந்து வாரத்துக்கு முன் சென்னையில் அப்லேஷன் செய்தார்கள். முதல் பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ராத்திரி இடது பக்கம் சாய்ந்து படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது போல ஒரு துள்ளல். சில சமயம் துடிப்பு நின்று, 'தொம்' என்று மறுபடி அடிக்கிறது. போன வாரம் ஆக்ஸிமீட்டரில் நாடித்துடிப்பு 38 என்று காட்டியது. பயந்துபோய் இங்கேயே ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தோம். அதில் 76! 'எக்டோபிக்' என்று எழுதிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் 38-ஐப் பார்த்ததிலிருந்து துடிப்பைக் கட்டுப்படுத்தத் தந்த மெட்டோப்ரோலால் மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் தருகிறார். ஆபரேஷன் வீணாகிவிட்டதா? ஒரு கடைவாய்ப்பல்லையும் பிடுங்க வேண்டும். அதற்காக ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நான்கு நாள் நிறுத்தலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த மாத்திரையை உடைக்கும் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கு என் மேல் கோபம் வரலாம், பரவாயில்லை.

38, 76 இரண்டுமே பொய் இல்லை. சரிபாதியாக இருக்கிறதே, கவனித்தீர்களா? கணக்கு டீச்சராக இருந்திருந்தால் உங்களுக்கே பொறி தட்டியிருக்கும். எக்டோபிக் என்பது முறை வருவதற்கு முன்பே முந்திக்கொண்டு வரும் துடிப்பு. அந்த நேரத்தில் இதயத்துக்குள் ரத்தம் சரியாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பு பலவீனமாக அடிக்கும், அலை விரல் நுனி வரை வந்து சேராது. ஒரு நல்ல துடிப்பு, ஒரு முந்திய துடிப்பு என்று மாறி மாறி வந்தால், விரலில் மாட்டிய கருவி ஒன்றைவிட்டு ஒன்றைத்தான் எண்ணும். ஈசிஜி மின்சாரத்தைப் பார்ப்பதால் எல்லாவற்றையும் எண்ணிவிடும். முந்திய துடிப்புக்குப் பிறகு ஒரு சிறு இடைவெளி வரும். அதற்குள் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்தது பலமாக அடிக்கும். அதுதான் உங்கள் 'தொம்'. இடது பக்கம் படுக்கும்போது இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வந்துவிடுவதால் துள்ளல் அதிகமாகத் தெரிகிறது, அவ்வளவே.

ஆக, உங்கள் இதயம் 38-ல் ஓடவில்லை. 38 என்று நினைத்து மெட்டோப்ரோலாலைக் குறைத்ததற்கு அடிப்படையே இல்லை. குறைத்தால் எக்டோபிக் கூடவும் செய்யலாம். நாளைக் காலையே அப்லேஷன் செய்த மருத்துவமனைக்குப் போன் போட்டு, இத்தனை நாள் பாதிதான் போட்டேன் என்பதை மறைக்காமல் சொல்லி, அவர்கள் சொல்லும் அளவுக்குத் திரும்புங்கள்.

நான் இதைப் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. எனக்கே 2019-ல் இதே அப்லேஷன் நடந்தது. முப்பது வருடம் மற்றவர்களுக்குத் தைரியம் சொன்ன ஆள், மூன்றாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிடத்தில் ஒன்பது துடிப்பு தவறியது. கடைசியில் என் மனைவி ஆக்ஸிமீட்டரைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தாள்.

ஏன் இப்படி வருகிறது? 1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் என்ற மருத்துவரின் குழு 45 நோயாளிகளை ஆராய்ந்தது. தாறுமாறான துடிப்பைக் கிளப்பும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளுக்குள் இருப்பதைக் காட்டியது. அப்லேஷனில் அந்தச் சிரைகளின் வாயில்களைச் சுற்றிச் சூட்டாலோ குளிராலோ தழும்பு ஏற்படுத்தி மின்சாரத்துக்கு வேலி போடுகிறோம். இப்போது மின்துடிப்பு முறையும் வந்துவிட்டது. வேலி போட்ட இடம் புதுப் புண். வீங்கும், எரிச்சல்படும், அது தன் பங்குக்குச் சில பொறிகளைக் கிளப்பும். அதனால்தான் முதல் மூன்று மாதத்தில் வரும் தடுமாற்றத்தைத் தோல்விக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வெகுகாலம் வைத்திருந்தோம். 2024-ல் வெளியான சர்வதேச நிபுணர் குழு அறிக்கை இதை எட்டு வாரமாகச் சுருக்கியிருக்கிறது. நீங்கள் இருப்பது ஐந்தாவது வாரம். இந்தக் காலத்தின் கடைசிப் பகுதியிலும் நீண்ட நேரம் தாறுமாறாக ஓடினால், பிறகும் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். தனித்தனியாக வரும் எக்டோபிக்கை வைத்து அப்படி எந்தத் தீர்ப்பும் எழுத முடியாது.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலர் கேட்பார்கள். ஓய்வில் இருக்கும்போது முன்பு 65 இருந்த துடிப்பு, அப்லேஷனுக்குப் பிறகு 78, 80 என்று நிற்கலாம். இதயத்தை மெதுவாக்கும் நரம்பு முடிச்சுகள் சில அந்த இடத்தில்தான் இருக்கின்றன, அவையும் கொஞ்சம் சூடு பட்டிருக்கும். இது சில மாதம் நீடிக்கலாம். தைராய்டு, ரத்தசோகை இல்லை என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எதைக் கண்டால் ஓட வேண்டும்? துடிப்பு 120, 140 என்று ஏறி, இறங்காமல் அங்கேயே நின்றால், அது ஒழுங்காகவே அடித்தாலும், அந்த வேகம் இருக்கும்போதே ஈசிஜி எடுங்கள். அது அடங்கிய பிறகு எடுத்தால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மயக்கம், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வாய் கோணல் என்றால் 108. அப்லேஷனுக்காகக் குழாய் நுழைத்த தொடை இடுக்கில் வீக்கம் பெரிதானாலும் காத்திருக்க வேண்டாம். அப்புறம், அரிதுதான், ஆனால் தெரிந்திருக்க வேண்டியது: முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு நெஞ்சுவலியோ, விழுங்கும்போது வலியோ வந்தால், 'சாதாரண ஜுரம்' என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருக்கிறது. சூடு அதையும் தொட்டு ஓட்டை விழுந்திருக்கலாம். அப்லேஷன் செய்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப்பி செய்கிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லி, சிடி ஸ்கேன் கேளுங்கள். எண்டோஸ்கோப்பியில் ஊதும் காற்று அந்த ஓட்டை வழியாக இதயத்துக்குள் போய்விடும்.

பல் விஷயம். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை இப்போது நிறுத்தவே கூடாது. புண் ஆறாத மேலறையில் ரத்தம் கட்டினால் அது நேராக மூளைக்குப் போகலாம். துடிப்பு சரியாகிவிட்டது என்பதாலும் நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் முடிந்தபின் தொடர்வதா வேண்டாமா என்பதை, பிபி, வயது போன்றவற்றை வைத்து உங்கள் டாக்டர் முடிவு செய்வார். சீழ், வீக்கம் இல்லையென்றால் பல்லை அதுவரை தள்ளிப்போடுங்கள். இப்போதே எடுத்தாக வேண்டும் என்றால் பல் டாக்டரும் இதய டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசட்டும். ஒரு பல் எடுக்கும்போது மாத்திரையை நிறுத்தாமலே ரத்தத்தை நிறுத்த அவர்களுக்கு வழி தெரியும்.

காபியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கும்பகோணத்துக்காரர் கேட்காமல் இருப்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. காலை ஒன்று, மாலை ஒன்று குடியுங்கள். குடித்தால் துள்ளல் கூடுகிறது என்று நீங்களே கண்டால் மட்டும் மாலைக் காபியை விடுங்கள். ஆக்ஸிமீட்டரை உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து வாங்கி, அரிசி டின் ஒன்று பாருங்கள்.